'வீட்டுல கண்டுக்கவே மாட்டாங்க' என்று சொல்வதை நிறுத்துவது எப்படி: ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இடைவேளை டீயோடு ஸ்டாஃப் ரூமில் ஓடும் வாக்கியங்கள் நம் எல்லோருக்கும் மனப்பாடம். "வீட்டுல கண்டுக்கவே மாட்டாங்க டீச்சர்." "அந்த அம்மாவுக்கு சீரியல் பார்க்கத்தான் நேரம் இருக்கு." "அப்பன் எப்படியோ பிள்ளை அப்படி." நானும் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை, பல வருஷமாக. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப் பேருக்கு மேல் செக்கிங், மடிப்பு, பிசிறு வெட்டுவது, அயர்னிங் என்று கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள்தான்.

பெற்றோர் மனசு புண்படுமே என்பதற்காக மட்டும் இந்தப் பழக்கத்தை விடச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. "வீடு சரியில்லை" என்று முடிவு கட்டிவிட்டால் அப்புறம் நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. யோசிக்க வேண்டாம், விசாரிக்க வேண்டாம், பாடம் நடத்தும் விதத்தை மாற்ற வேண்டாம். நமக்கு நாமே எழுதிக்கொள்கிற லீவு லெட்டர் மாதிரி அது. எனக்கு அது எத்தனை வசதியாக இருந்தது என்பது, விட முயற்சி செய்தபோதுதான் தெரிந்தது.

படி 1: ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

நல்லவராக மாறும் முயற்சியெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'நான் சேர்த்தது'. ஒரு குடும்பத்தைப் பற்றி மனசில் எது ஓடினாலும், வாயால் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அன்று சாயங்காலத்துக்குள் எழுதிவிடுங்கள்.

என் முதல் நாள் நோட்டில் இருந்தது இது. பார்த்தது: டைரியில் மூன்று நாளாகக் கையெழுத்து இல்லை. சேர்த்தது: அம்மாவுக்கு அக்கறை இல்லை. பார்த்தது: சட்டையில் நேற்றைய குழம்புக் கறை. சேர்த்தது: சுத்தமில்லாத வீடு. பார்த்தது: ஆன்ட்ராய்டு போன் இருக்கிறது, நோட்டு வாங்கவில்லை. சேர்த்தது: முன்னுரிமை தெரியாதவர்கள்.

எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே உறைக்கும். இடது பக்கம் ஒரு வரிதான் இருக்கும், வலது பக்கத்தில்தான் கதை, வசனம், தீர்ப்பு எல்லாம் இருக்கும். என் மகன் டைரியில் நான் கையெழுத்துப் போட மறந்த நாள்கள் எத்தனை என்று அன்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். அதற்கு மட்டும் என்னிடம் காரணம் இருந்தது: எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, தேர்வுத்தாள், மாமியாருக்கு ஆஸ்பத்திரி.

ஒரு வாரம் முடிந்ததும் வலது பக்கத்தை மட்டும் தனியாகப் படியுங்கள். ஒரே மூன்று நான்கு கதைகள் திரும்பத் திரும்ப வரும். எனக்கு வந்தது 'அக்கறை இல்லாத அம்மா'. அப்பாக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்கள் குடித்தால் மட்டும் நோட்டில் வந்தார்கள், மற்றபடி அவர்களிடம் நான் எதையும் எதிர்பார்க்கவே இல்லை. இது எனக்குப் பெரிய அடி.

படி 2: வருகைப் பதிவேட்டை வேறு கண்ணால் பாருங்கள்

எல்லா வகுப்பிலும் 'எப்போதும் லேட்' என்று ஒரு பிள்ளை இருக்கும். என் வகுப்பில் இருந்தவள் ரெட்டைச் சடையும் தூங்கி வழியும் கண்ணுமாக முதல் பாடவேளை பாதியில் வந்து நிற்பாள். ஒரு நாள் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "உன்னை எழுப்பி விடக்கூட உங்க அம்மாவுக்கு நேரமில்லையா?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தபடியே இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

நோட்டு போட்ட வாரத்தில்தான், "எப்போதும்" என்பது பார்த்ததா, நான் சேர்த்ததா என்று சந்தேகம் வந்தது. அவள் லேட்டாக வந்த தேதிகளை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டேன். தினமும் இல்லை. ஏழு நாளுக்கு ஒன்று, சில சமயம் எட்டு, ஒரு முறை ஆறு. எந்தக் கிழமையோடும் ஒட்டவில்லை. அக்கறை இல்லாமை இவ்வளவு ஒழுங்காக வருமா என்ன?

அவளிடம் கேட்கவில்லை. சாயங்காலம் தன் தங்கச்சியைக் கூட்டிப்போக வந்த, அவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "அது தண்ணி வர்ற நாளுங்க டீச்சர்" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. லைன் வீடு, பன்னிரண்டு குடித்தனத்துக்கு ஒரே குழாய். கார்ப்பரேஷன் தண்ணீர் ராத்திரி இரண்டு மணிக்கும் வரும், நாலு மணிக்கும் வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு இடம் போகாமல் இவள் நிற்பாள், அம்மா தூக்கிக்கொண்டு போய் டிரம்மில் ஊற்றுவார். ஐந்தரைக்குப் படுத்தால் நேரத்துக்கு யார் எழுவது? அம்மா மட்டும் எழுந்து கம்பெனிக்குப் போய்விடுவார், எட்டரை தாண்டினால் கேட்டில் நிற்க வேண்டும்.

ஆகவே செய்முறை இதுதான். லேட், லீவு, தூக்கம், வீட்டுப்பாடம் செய்யாதது, எதுவாக இருந்தாலும் ஒரு மாதத் தேதிகளைக் குறியுங்கள். திங்கள்கிழமையா, மாதக் கடைசியா, அமாவாசையா, சம்பள நாளுக்கு முந்தின நாளா? ஒழுங்கு தெரிந்தால் காரணம் கிட்டத்தட்ட கைக்கு வந்துவிடும். எந்த ஒழுங்கும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "எப்போதும்" என்ற சொல்லாவது கழன்றுவிடும்.

படி 3: ஊரின் கடிகாரத்தைப் படியுங்கள்

இதை நான் ரொம்ப முக்கியமானதாக நினைக்கிறேன். நாம் பெற்றோரை அளப்பது பள்ளியின் கடிகாரத்தை வைத்து, அவர்கள் வாழ்வது வேறொரு கடிகாரத்தில்.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை. சம்பளம் வாரா வாரம் சனிக்கிழமை. வேலை நாளில் மூன்று மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வைத்துவிட்டு, "பெற்றோர் யாருமே வரலை" என்று மினிட்ஸில் எழுதுகிறோம். 2009ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் அம்மாக்களை நம்பியிருக்கிறார்கள். மூன்று மணிக் கூட்டத்துக்கு வர அந்த அம்மா அரை நாள் சம்பளத்தை விட வேண்டும் என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நோட்டு வாங்கவில்லை என்று நான் புதன்கிழமை சத்தம் போட்ட பையன்கள் பெரும்பாலும் திங்கள்கிழமை கொண்டுவந்துவிடுவார்கள், ஏனென்றால் நடுவில் சனி வருகிறது. இப்போது எதை வாங்கிவரச் சொன்னாலும் வெள்ளிக்கிழமைதான் சொல்கிறேன். இவ்வளவு சின்ன மாற்றத்துக்கு எனக்கு எத்தனை வருஷம் ஆனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உங்கள் ஊர்க் கடிகாரம் வேறாக இருக்கும். செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள் முன்பணம் வாங்கியிருப்பார்கள், பொங்கல் முடிந்ததும் கிளம்பியாக வேண்டும். "படிக்கிற பிள்ளையை நடுவுல நிறுத்திட்டாங்க" என்று நாம் சொல்வது அந்த நேரத்தில்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறந்து பை, செருப்பு, நோட்டு எல்லாம் கேட்கிற ஜூனில் விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் கையில் என்ன இருக்கும்?

"காசு இல்லாதது சரி, பொறுப்புகூடவா இருக்காது?" என்று கேட்கிறவர்களுக்கு நம்ம ஊர் ஆய்வு ஒன்றைச் சொல்வேன். விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்தியது, 2013ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆய்வுக்குழுவில் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதன். அறுவடைக்கு முன்னால் கை வறண்டிருக்கும்போது ஒரு முறை, அறுவடைப் பணம் வந்த பிறகு ஒரு முறை, அதே விவசாயிக்குப் புதிர்கள் கொடுத்துச் சோதித்தார்கள். பணம் வந்த பிறகு அதே ஆள் நன்றாகச் செய்தார். பணத் தட்டுப்பாடே மூளையின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. டைரியில் கையெழுத்துப் போட மறப்பதை இதை வைத்து யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் நம் கண் முன்னாலேயே நடந்தது. "காலையில் ஒரு வாய் சோறு போட்டு அனுப்பக் கூடாதா" என்று நாம் திட்டாத அம்மாக்கள் உண்டா? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அம்மாக்கள் மாறவில்லை, அவர்கள் வேலைக்குக் கிளம்பும் நேரமும் மாறவில்லை. பள்ளியில் பொங்கலும் உப்புமாவும் வந்ததும் அந்தப் புகார் மட்டும் ஸ்டாஃப் ரூமிலிருந்து காணாமல் போய்விட்டது.

படி 4: நாற்காலி, அப்புறம் 'நீங்க'

கம்பெனி டிரைவர் வந்தாலும் "உட்காருங்க சார்" என்கிறோம். சேலையில் பஞ்சும் நூல் பிசிறும் ஒட்டியிருக்க வேர்த்து விறுவிறுத்து வரும் அம்மாவிடம் "என்னம்மா, எங்க போயிட்ட இத்தனை நாளா?" என்று ஒருமையில் ஆரம்பிக்கிறோம். அவர் நிற்கிறார், நாம் உட்கார்ந்திருக்கிறோம், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. மனசுக்குள் எத்தனை மரியாதை வைத்திருந்தாலும் அந்த 'போயிட்ட' எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வாரம் கவனியுங்கள், யாருக்கு 'நீங்க', யாருக்கு 'நீ' என்று. அது பல நேரம் வயசைப் பொறுத்து இருக்காது. சேலையை, தெருவை, சாதியை, வேலையைப் பொறுத்து இருக்கும். எனக்கு இருந்தது.

என் மேசைக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நிரந்தரமாக இருக்கிறது. வந்தவர் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு. கையெழுத்து வேண்டுமென்றால் தாளை நீட்டுவதற்கு முன்னால் அதில் இருப்பதை நானே வாசித்துச் சொல்லிவிடுவேன், எல்லோருக்கும். "படிக்கத் தெரியுமா" என்று கேட்கவே கூடாது.

படி 5: கேள்வியை மாற்றுங்கள்

"ஏன்" என்று ஆரம்பிக்கும் எந்தக் கேள்வியும் தமிழில் விசாரணையாகத்தான் கேட்கும். "ஏன் ஹோம்வொர்க் பார்க்கலை?" என்றால் வருவது மன்னிப்பு, இல்லையென்றால் பொய். அதற்குப் பதில், "சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து தூங்கற வரைக்கும் எப்படிங்க போகும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், ஆசிரியர்களுக்கு ரொம்பக் கஷ்டமான பகுதி இதுதான். அந்த ஒரு கேள்வியில் எனக்குக் கிடைத்தவை: வீட்டில் ஒரே ஒரு லைட், தம்பிக்கு இழுப்பு, ஏழு மணிக்கு மேல் வீட்டு ஓனர் மொட்டை மாடியில் உட்காரவிடுவதில்லை. மொட்டை மாடிப் பையனுக்கு மாலை நான்கு மணியிலிருந்து நாலரை வரை வகுப்பிலேயே உட்கார்ந்து எழுத இடம் கொடுத்தேன், வீட்டுப்பாடப் பிரச்சினை முடிந்தது.

போனில் பேசும் முதல் விஷயம் நல்லதாக இருக்கட்டும். வருஷ ஆரம்பத்தில், ஜூன் மாதத்திலேயே, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடவை. நான் கூப்பிட்டு, "உங்க பொண்ணு இன்னிக்கு வாய்ப்பாடு அழகா சொன்னா" என்றபோது ஒரு அம்மா, "சரிங்க டீச்சர், என்ன தப்பு பண்ணினா?" என்றார். பள்ளியிலிருந்து போன் வந்தால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷமாக நாம் பழக்கி வைத்திருப்பது அப்படி.

வட மாநிலக் குடும்பங்களுக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. புகாரை அந்தப் பிள்ளையை வைத்தே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். நான் நிமிஷக் கணக்கில் குற்றம் அடுக்கினேன், பையன் தன் அப்பாவிடம் இந்தியில் ஒரே வரி சொன்னான், அப்பா சிரித்து அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். என்ன சொல்லியிருப்பான் என்று யூகித்துக்கொள்ளுங்கள். அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ரெண்டு மொழியும் தெரிந்த பெரியவர் யாராவது கண்டிப்பாக இருப்பார்.

படி 6: வீட்டுக்குப் போங்கள், ஆனால் ரெய்டு போகாதீர்கள்

நம்மூரில் ஆசிரியர் வீட்டுக்கு வருகிறார் என்றாலே இடைநின்ற பிள்ளையைப் பிடிக்க வருகிறார் என்று அர்த்தம். அதனால்தான் கதவடைக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரத்தில் 1998ல் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு வீட்டுச் சந்திப்பு முறையை ஆரம்பித்தார்கள். அதன் விதிகள் எளிமையானவை: முன்கூட்டியே சொல்லி, குடும்பம் சம்மதித்தால் மட்டும் போவது, இரண்டு பேராகப் போவது, 'பிரச்சினைப் பிள்ளை' வீட்டுக்கு மட்டும் போகாமல் எல்லா வகை வீட்டுக்கும் போவது, பிள்ளையைப் பற்றி அவர்களுக்கு என்ன கனவு என்று கேட்பது. நான் இதில் மூன்று சேர்த்திருக்கிறேன். போட்டோ எடுக்கக் கூடாது, எந்த அதிகாரி கேட்டாலும். கண்ணால் அடுப்படியை அளக்கக் கூடாது. கொடுப்பதைக் குடிக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். "இப்பத்தான் டீ குடிச்சோம், வேண்டாங்க" என்று எந்தெந்தத் தெருவில் சொல்கிறோம், எந்தெந்தத் தெருவில் சொல்வதில்லை என்பது அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். டம்ளர் கைக்கு வரும்போது வீட்டில் இருக்கும் எல்லோரும் வேறு எங்கோ பார்ப்பதுபோல உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குடியுங்கள், முழுசாக.

அமெரிக்காவிலேயே, அரிசோனாவின் டூசான் நகரத்தில், 1990களின் ஆரம்பத்தில் லூயிஸ் மோல் என்பவரும் சக ஆய்வாளர்களும் ஆசிரியர்களை மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள், சொல்லிக்கொடுக்க இல்லை, கற்றுக்கொள்ள. அந்த வீடுகளில் விவசாயம், கட்டடம், மருந்து, வியாபாரம் என்று எத்தனை அறிவு குவிந்து கிடக்கிறது என்று பட்டியல் போட்டு, அதை வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். நானும் முயற்சி செய்தேன். ஒரு கட்டிங் மாஸ்டர் அப்பா, துணியில் ஒரு விரல்கூட வீணாகாமல் சைஸ்களை எப்படி அடுக்குவது என்று பழைய பேப்பரில் வரைந்து காட்டினார். பரப்பளவுப் பாடத்தை இத்தனை வருஷம் நான் நடத்தியது எவ்வளவு சப்பென்று இருந்தது என்று புரிந்தது. அடுத்த வாரம் அந்தப் பேப்பர் வகுப்புச் சுவரில் ஏறியது, அவர் மகன் அன்று முழுக்க அதற்குக் கீழேயே உட்கார்ந்திருந்தான்.

படி 7: ஸ்டாஃப் ரூம்

நீங்கள் மாறிவிட்டீர்கள் என்று அங்கே போய்ப் பாடம் எடுக்காதீர்கள், யாருக்கும் பிடிக்காது. ஒரு கேள்வி போதும்: "அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" சாதாரணக் குரலில், டீயை ஊதிக்கொண்டே. பெரும்பாலும் "போன வருஷ டீச்சர் சொன்னாங்க" என்று வரும். ஜூனில் பெயர்ப் பட்டியலோடு சேர்த்து நாம் கைமாற்றிவிடுவது இந்தத் தீர்ப்புகளைத்தான். நான் இப்போது அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு எழுதித் தருவது பிள்ளையால் எது முடிகிறது, எந்த நேரத்தில் அம்மாவை போனில் பிடிக்கலாம், இந்த இரண்டு மட்டும்.

நம் களைப்பும் உண்மைதான், அதை மறைக்க வேண்டாம். நாற்பது பிள்ளை, இருபது பதிவேடு. எரிச்சல் வரும்போது வரட்டும். "எனக்கு இன்னிக்கு முடியலை" என்று சொல்லிப் பழகினால், "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்பதில் பாதி குறைந்துவிடுகிறது.

படி 8: எங்கே நிறுத்துவது

தீர்ப்பு சொல்லாமல் இருப்பது என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பில் அடித்த தடம், குழந்தைத் திருமணப் பேச்சு, பள்ளியை நிறுத்திவிட்டுக் கம்பெனிக்கு அனுப்புவது, இவற்றில் காத்திருக்கக் கூடாது, குழந்தைகள் உதவி எண் 1098க்கு கூப்பிட வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்று சந்தேகம் இருந்தாலே போதும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19வது பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். "குடும்ப மானம்" என்று யார் சொன்னாலும் சரி, தலைமையாசிரியரே சொன்னாலும் சரி.

குடிக்கிற அப்பா விஷயத்தில் எனக்கு இன்னும் தடுமாற்றம்தான். அவர் மேல் கோபம் வருகிறது, வராமல் இருக்க முடியவில்லை. பிள்ளைக்கு ராத்திரி பத்திரமான இடம் இருக்கிறதா, சாப்பிட்டதா என்று முதலில் பார்க்கிறேன். கோபத்தை அந்தப் பிள்ளையின் காதுக்குக் கொண்டுபோவதில்லை. இதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

படி 9: மன்னிப்புக் கேளுங்கள்

தவறுவீர்கள். நானும் போன மாதம் தவறினேன். தவறினால், யார் முன்னால் சொன்னீர்களோ அவர்கள் முன்னாலேயே திருத்த வேண்டும், ரகசியமாக அல்ல.

தண்ணீர் விஷயம் தெரிந்த மறுநாள் வகுப்பில் அவளிடம், "அன்னிக்கு நான் உங்க அம்மாவைப் பத்திச் சொன்னது தப்பு" என்றேன். மற்ற பிள்ளைகள் ஒரு மாதிரி பார்த்தார்கள். தண்ணீர் வரும் நாளில் ஒன்பதரைக்கு வந்தாலும் பரவாயில்லை, கணக்கை மட்டும் அவளுக்கு மத்தியானம் மறுபடி சொல்லித் தருவது என்று முடிவானது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவை ரேஷன் கடை பக்கத்தில் பார்த்தேன். நின்று மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னங்க டீச்சர், விடுங்க" என்றார். சக்கரைப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே, "அவ அன்னிக்கு வீட்டுக்கு வந்து உங்க மேல கோவப்படலீங்க. என் மேலதான் கோவப்பட்டா. ரெண்டு நாள் எங்கூடப் பேசலை" என்றார்.